சேர்த்து வைத்த மூச்சு

அடைக்கலமேரிக்குத் தம்பி பெண்டாட்டியின் சமையல் பிடிக்காது, நடை பிடிக்காது, பல் தெரியச் சிரிப்பது அறவே பிடிக்காது. மூச்சு மட்டும் பொருந்திவிட்டது.

"மரியபுஷ்பம் யாரு?" என்று மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹபீபா கேட்டபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் புஷ்பத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒப்புக்கு வந்தவள். அடைக்கலமேரியின் கூடப்பிறந்த தங்கை வந்திருந்தாள், தங்கையின் மகன் வந்திருந்தான். அவர்களுக்கெல்லாம் சோதனை முடிந்த பிறகு, வந்ததுதான் வந்தாளே என்று இவளையும் உட்காரவைத்து நெஞ்சில் கம்பி ஒட்டிப் பார்த்திருந்தார்கள்.

"இவங்க மூச்சுதான் சரியா வருது. எவ்வளவு நிதானம் பாருங்க. பதற்றமே இல்ல. நல்ல பொருத்தம்," என்றார் டாக்டர்.

"பொருத்தமாம்ல, பொருத்தம்," என்றாள் அடைக்கலமேரி கட்டிலிலிருந்து. "நாங்க வேதக்காரங்க, டாக்டரம்மா. ஜாதகம் பார்க்கிற வழக்கமில்ல. பார்த்திருந்தா என் தம்பிக்கே இவளைக் கட்டியிருக்க மாட்டோம்."

"மதினி, கொஞ்சம் சும்மா இருங்க."

"சும்மா இருந்தா தூங்கிருவேன். தூங்கினா செத்துருவேன். பேசவிடு."

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. உறக்கக் காய்ச்சல் கடலோரம் முழுக்க வந்துபோன வருஷம் அது. காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். பிழைத்துவிட்டார் என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். அன்றைக்கே கண்ணசந்தால் அவர் எழுந்திருக்க மாட்டார். புஷ்பத்தின் புருஷன் கித்தேரியான் அப்படித்தான் போனான். கஞ்சி குடித்துவிட்டு, "உப்புப் போட மறந்துட்ட" என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

அவனைப் புதைத்த மண் காயுமுன் அவன் அக்காளுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குள் டாக்டர்களுக்கு விஷயம் பிடிபட்டிருந்தது. தூங்கவிடாமல் கொண்டுவாருங்கள் என்றார்கள். பாம்பனிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் வேனில் புஷ்பம் மதினியின் கன்னத்தில் அறைந்துகொண்டே வந்தாள். "இத்தனை வருஷத்து வன்மத்தையும் அந்த ஒரு வேன் பயணத்துல தீர்த்துக்கிட்டா" என்று அடைக்கலமேரி பின்னாளில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

டாக்டர் ஹபீபா கீழக்கரைக்காரர், சின்ன வயசு. பொறுமையாகச் சொல்லுவார்.

"மூச்சு விடுறது நுரையீரல்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். அது வெறும் பைம்மா. அதுக்குன்னு அசையிற சதை கிடையாது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி ஒரு சதை இருக்கு. அது கீழ இறங்கினா நெஞ்சுக்குள்ள இடம் பெருசாகும். காத்து தன்னால உள்ள வந்துரும். சதை தளர்ந்து மேல ஏறினா வெளிய போயிரும்."

"அப்ப நாம காத்தை இழுக்கலியா?"

"இல்ல. இடம் விடுறோம், அது வருது."

அடைக்கலமேரி கொஞ்சம் யோசித்தாள். "சரி. அந்தக் குடையை யாரு இறக்குறது?"

"பிடரிக்கு மேல, மூளையோட அடித்தண்டுல ஒரு சின்ன இடம். நாம தூங்கினாலும் அது தூங்காது. அந்த இடத்தைத்தான் காய்ச்சல் தின்னுட்டுப் போயிருச்சு. முழிச்சிருக்கும்போது மூளையோட மத்த பாகம் பார்த்துக்கும். தூங்கினா பார்த்துக்க ஆளில்ல."

"மிஷின் வைக்கலாம்ல?"

"வச்சோம். மிஷினுக்கு ஒரே தாளம்தான் தெரியும். சளி கட்டினாலும் கனவு கண்டாலும் அதே தாளம். நிறைய பேரை இழந்துட்டோம்." டாக்டர் நகம் அளவு ஒரு வில்லையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "அதனாலதான் உசிரோட இருக்கிற ஒருத்தர் மூச்சைக் கடன் வாங்குறோம். இந்தப் பொத்தானை உங்க கழுத்தெலும்புக்குக் கீழ வச்சிருவோம். இவங்க நெஞ்சில ஒரு பெல்ட். நீங்க தூங்கினதும் இவங்க எப்படி மூச்சு விடுறாங்களோ அப்படியே உங்க சதையும் ஏறி இறங்கும். ரெண்டு பேரும் ஒரே அறையில படுக்கணும், அவ்வளவுதான்."

"அவளுக்கு வேணுங்கிற மூச்சுதானே அவளுக்கு வரும். எனக்கு வேணுங்கிறது எப்படி வரும்?"

டாக்டர் வில்லையை டப்பியில் வைத்து மூடினார். "அதுக்குத்தான் பொருத்தம் பார்க்கிறோம்," என்றார் பிறகு.

பெல்ட்டைக் கையில் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மூச்சு நீண்ட நேரம் நின்றால் பெல்ட் அதிர்ந்து சத்தம் போடும். உடனே புஷ்பம் எழுந்து இழுத்து மூச்சு விட வேண்டும். பெல்ட்டைக் கழற்றினால் எல்லாம் நின்றுவிடும். கழற்றும்போது அடைக்கலமேரி விழித்திருக்க வேண்டும்.

"சத்துணவுக் கூடத்துல முந்நூறு பிள்ளைகளுக்கு முட்டை எண்ணினவ நான். இது ரெண்டும் ஞாபகம் இருக்காதா?" என்றாள் அடைக்கலமேரி.

*

ஊரில் இன்னும் சில வீடுகளுக்கு பெல்ட் வந்திருந்தது. பெல்ட் கட்டியவரைத் துணை என்றார்கள். துணை என்று பேர் வந்துவிட்டால் வெளியூரில் தங்க முடியாது. கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக முடியாது. ஆலயத் தெரு ஜெனிபாவுக்கு நிச்சயம் பேசி முடித்திருந்தார்கள். அவள் அண்ணனுக்குத் துணை என்று தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார், "கட்டில் ஒண்ணு கூடுதலா வேணுமே" என்று சிரித்துவிட்டுப் போனவர்கள்தான். டைட்டஸ் தன் அம்மாவுக்குத் துணை. அவன் குடித்துவிட்டுப் படுத்தால் கிழவியின் நெஞ்சும் தாறுமாறாக ஏறி இறங்கும். ஊர்க் கூட்டம் போட்டு அவனைக் குடிக்கக் கூடாது என்றார்கள். அவன் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதான். "நான் தூங்குறதுகூட எனக்காக இல்லையா?" என்று கேட்டான். 

புஷ்பத்துக்கு அழுகைதான் சிக்கலாயிற்று.

பெல்ட் கட்டிய புதிதில், கித்தேரியானின் சட்டை கொடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள். பக்கத்தில் மதினி உறங்கிவிட்டிருந்தாள். புஷ்பம் சத்தமில்லாமல்தான் அழுதாள். ஆனால் விம்மல் என்பது மூச்சுதானே. தூக்கத்திலேயே அடைக்கலமேரியின் நெஞ்சு குலுங்கியது. வாய் கோணியது. கண்ணில் தண்ணீர் இல்லாமல், யாருக்காக என்று தெரியாமல், அவள் உடம்பு விம்மிக்கொண்டே இருந்தது. பார்க்கப் பயமாக இருந்தது.

விழித்ததும் அடைக்கலமேரி நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

"அழுதியா?"

"ம்."

"அவன் எனக்குந்தான் தம்பி. தூக்கிச் சுமந்து வளர்த்தவ நான். உன் அழுகை வந்து என் நெஞ்சுல குதிச்சா நான் எங்க போயி அழுவேன்? அழுறதுன்னா நான் முழிச்சிருக்கும்போது அழு. எனக்கும் சேர்த்து அழு, பரவாயில்ல. தூக்கத்துல வேண்டாம்."

அதிலிருந்து புஷ்பம் அழுகையைக் காலையில் வைத்துக்கொண்டாள். காபி போடும் நேரம் அதற்கு. மதினி வெங்காயம் உரித்துக்கொண்டு எதிரே உட்காருவாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கொஞ்சம் அழுவார்கள். பிறகு அடைக்கலமேரி காபியில் சர்க்கரை கூடிவிட்டது என்பாள்.

கனவுகளும் இருந்தன. "ராத்திரி என்னடி கனவு? ஓட ஓட விரட்டிட்ட என்னை. இன்னும் இளைப்பு அடங்கல" என்பாள். "நாய் துரத்துச்சு, மதினி." "நாய் துரத்தினா நின்னு ஒரு கல்லை எடுக்கிறது. ஓடுறா பாரு, என்னையும் இழுத்துக்கிட்டு."

சில மாதம் அப்படியே நடந்தது. நன்றாகத்தான் நடந்தது. அடைக்கலமேரிக்கு முகத்தில் தெளிவு வந்தது. அந்த வீட்டுக்கு மருமகளாய் வந்த நாளிலிருந்து தன்னிடம் நேராகப் பேசாத மதினி, சுவரைப் பார்த்துப் பேசியவள், இப்போது தன்னைப் பார்த்துத் திட்டுகிறாள் என்பதை புஷ்பம் கவனித்தாள்.

*

பாசிக்காலம் தொடங்கியதும் புஷ்பம் கடலுக்குப் போக ஆரம்பித்தாள். போகாமல் முடியாது. தீவுகளைச் சுற்றிப் பாறையில் வளரும் பாசியை முங்கிப் பறித்து வருவது அந்த ஊர்ப் பெண்களின் தொழில். விடியும் முன் வத்தை என்னும் சிறு படகில் ஏறுவார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். குழாய் கிடையாது, சிலிண்டர் கிடையாது. நெஞ்சில் பிடித்த மூச்சு எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவுதான் வேலை. புஷ்பம் பத்து வயதிலிருந்து முங்குகிறவள். அடைக்கலமேரி இவளைப் பாசிக்காரி என்று ஏளனம் பேசியதும் அதனால்தான்; அவர்கள் வீடு வலை வைத்திருந்த வீடு.

அவள் காலையில் கடலில் இருக்கும் நேரம் மதினி தூங்கக் கூடாது. அடைக்கலமேரி தெருக்குழாயடியில் போய் நின்று வம்பு பேசுவாள். புஷ்பம் மதியம் திரும்பி வந்து சாப்பிட்ட பிறகு இருவரும் பாயைப் போட்டுப் படுப்பார்கள்.

கடலுக்குப் போக ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் பெல்ட் அடிக்கத் தொடங்கியது. குளவி கொட்டியது போல நெஞ்சில் அதிரும். கூடவே ஒரு கூவல். இருவரும் பதறி எழுவார்கள். புஷ்பம் இழுத்து மூச்சு விடுவாள். மறுபடி கண்ணை மூடினால் மறுபடி அடிக்கும். முதலில் எப்போதாவது. பிறகு ராத்திரிக்குப் பல தடவை.

புஷ்பம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஹபீபா பெல்ட்டைக் கணினியில் சொருகிப் பார்த்தார்.

"தூங்கும்போது உங்க மூச்சு ரொம்ப மெதுவாயிருச்சு. நடுநடுவுல நிக்குது. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க உடம்பு பழகியிருக்கு. அவங்க உடம்பு பழகலையே."

"முங்குறதாலயா டாக்டரம்மா?"

"இருக்கும். சோதனை பண்ணும்போது நீங்க கடலுக்குப் போகாத நேரம். நிதானமான மூச்சுன்னு சந்தோஷப்பட்டோம். அந்த நிதானம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு யாரும் கேட்கல." அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். வெளியே வராந்தா முழுக்க ஆட்கள். "வேற துணைக்கு எழுதிப் போடுறேன். கிடைக்க நாளாகும். அதுவரைக்கும் கடலுக்குப் போகாதீங்க. படுக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஆழமா, வேகமா மூச்சு விட்டுப் பழகுங்க. சரியாகுதா பார்ப்போம்."

ஆழமாக, வேகமாக. புஷ்பத்துக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. முங்குவதற்கு முன் வத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பெண்களும் செய்வதுதான். வேக வேகமாக, அடிவயிற்றிலிருந்து, இழுத்து இழுத்து விடுவார்கள். தம் சேர்ப்பது என்பார்கள். விரல் நுனி மரத்து, உதடு சுருசுருவென்று வந்தால் தம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு முங்கினால் வெகுநேரம் கீழே நிற்கலாம்.

அன்றைக்கே பாயில் படுத்துக்கொண்டு தம் சேர்த்தாள்.

"என்னடி இது, துருத்தி ஊதுற?" என்றாள் அடைக்கலமேரி.

"உங்களுக்குத்தான் சேர்த்து வைக்கிறேன் மதினி. டாக்டரம்மா சொன்னாங்க."

"எனக்கா?" அவள் ஒருக்களித்துப் படுத்து இவளைப் பார்த்தாள். "அப்ப நல்லா நிறையவே சேரு. கஞ்சத்தனம் பண்ணாத."

உதடு சுருசுருத்தது. விரல் மரத்தது. நிறைந்துவிட்டது என்ற நம்பிக்கையோடு புஷ்பம் கண்ணை மூடினாள். உறக்கம் பிடித்த மாத்திரத்தில் பெல்ட் அடித்தது.

போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த தடவை இன்னும் அதிக நேரம் சேர்த்தாள். இன்னும் சீக்கிரம் அடித்தது. அவள் இன்னும் சேர்த்தாள். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அதற்கும் அடங்கவில்லை. ராத்திரி, மதியம் எந்த நேரத்திலும் இருவருக்கும் கோழித் தூக்கம்தான். அடைக்கலமேரியாவது விழித்திருக்கும் நேரத்தில் சாய்ந்து உட்காரலாம். புஷ்பத்துக்குச் சோறு வடிக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், கடலுக்குப் போகாததால் கரையில் மற்றவர்களின் பாசியைக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். காயப்போட்ட பாசிமேல் அப்படியே சாய்ந்து கிடந்தவளை முனீஸ்வரிதான் எழுப்பிக் கூட்டி வந்தாள். முனீஸ்வரி பக்கத்து வீடு. ஒரே வத்தையில் போகிறவர்கள்.

"பிணம் மாதிரி கிடந்தா, மதினி," என்றாள் முனீஸ்வரி. "இவளைக் கொஞ்சம் தூங்கவிடுங்க."

"நானா தடுக்கிறேன்? இவ நெஞ்சுல இருக்கிற குளவி தடுக்குது." அடைக்கலமேரி புஷ்பத்தின் காலில் ஒட்டியிருந்த பாசியைத் தட்டிவிட்டாள். பிறகு, "உன் மூச்சும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்டி. நீயே வச்சுக்க," என்றாள். திட்டும் குரலில்தான் சொன்னாள்.

"எனக்கு எதுக்கு இவ்வளவு?" என்றாள் புஷ்பம். அவளுக்குக் கண் திறக்கவில்லை.

*

அது ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்து, மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டார்கள். அடைக்கலமேரி குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புஷ்பம் அதைக் கவனித்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். "நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு என்ன இப்ப?" என்றாள் மதினி.

மத்தியான வெயில் ஓட்டின்மேல் கொதித்தது. பாயை விரித்துப் படுத்தார்கள். புஷ்பம் தன்னால் முடிந்தமட்டும் தம் சேர்த்தாள். கை முழுக்க மரத்துப்போகும் வரைக்கும் சேர்த்தாள். பிறகு விழுந்தாள். உறங்கினாள் என்று சொல்ல முடியாது, அப்படியே விழுந்தாள்.

எழுந்தபோது ஜன்னலில் வெளிச்சம் சிவந்திருந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அவள் உடனே அசையவில்லை. கை கால் எல்லாம் இலகுவாக, கழுவிவிட்டது போல் இருந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு இப்படி ஒரு தூக்கம். ஒரு தடவைகூட அடிக்கவில்லை. கடைசியில் வழி கிடைத்துவிட்டது, போதுமான அளவு சேர்த்தால் போதும், இத்தனை நாளாகக் குறைவாகச் சேர்த்ததுதான் பிழை என்று நினைத்தாள். சிரிப்புக்கூட வந்தது.

"மதினி, பாத்தீங்களா? இன்னிக்கு ஒரு தடவகூட அடிக்கல."

அடைக்கலமேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை முன்னால் தொங்கியிருந்தது. மடியில் ஜெபமாலை. பெல்ட், கொக்கி கழன்று, இருவருக்கும் நடுவில் பாயில் கிடந்தது.

புஷ்பம் தன் வாயை அவள் வாயில் வைத்து ஊதினாள். நெஞ்சை அமுக்கினாள். பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு வேக வேகமாக மூச்சு விட்டாள். பொத்தான் வேலை செய்தது. அடைக்கலமேரியின் வயிறு எழுந்தது, தாழ்ந்தது. எழுந்தது, தாழ்ந்தது. பிழைத்துவிட்டாள் என்று புஷ்பம் கத்தினாள். ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர்களும் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். கையைத் தொட்டுப் பார்த்த ஒருவர்தான் மெதுவாக வந்து புஷ்பத்தின் முதுகுக்குப் பின்னால் கொக்கியைக் கழற்றினார்.

*

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து டாக்டர் ஹபீபா பெல்ட்டை வாங்கிப்போக நேரில் வந்தார். ஆளை அனுப்பியிருக்கலாம். அவரே வந்தார். புஷ்பம் அவருக்கு நாற்காலியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் டாக்டரம்மா. தினமும் தம் சேர்த்தேன்."

"தம் சேர்க்கிறதுன்னா?"

புஷ்பம் செய்து காட்டினாள். நான்கைந்து மூச்சுக்குள் டாக்டரின் முகம் மாறிவிட்டது. "போதும், நிறுத்துங்க," என்றார்.

"ஏன்?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

"டாக்டரம்மா. கடல்ல போன ஆளு திரும்பலைன்னா கரையில நிக்கிறவங்க இந்த மாதிரித்தான் முகத்தை வச்சுக்கிட்டுப் பேசுவாங்க. சொல்லுங்க."

டாக்டர் பெல்ட்டைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"மூச்சைச் சேர்த்து வைக்க முடியாதும்மா. உடம்புல அதுக்கு எடமில்ல. வேகமா விடுறதால நல்ல காத்து பெருசா கூடுறதில்ல. கெட்ட காத்துதான் வெளிய போயிருது. மூச்சு விடச் சொல்லி மூளை நம்மளைப் பிடிச்சுத் தள்ளுறது நல்ல காத்து குறைஞ்சதுக்காக இல்ல, கெட்ட காத்து கூடினதுக்காக. அதை மொத்தமா வெளிய அனுப்பிட்டீங்கன்னா மூளை அவசரமில்லன்னு சும்மா இருந்துரும். நீங்க தூங்கினதும் மூச்சு நின்னுரும். கெட்ட காத்து மறுபடி கூடுற வரைக்கும் நிக்கும்."

"சேர்க்கச் சேர்க்க?"

"கூடுதலா நிக்கும்."

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப கடல்ல, தம் சேர்த்தா ரொம்ப நேரம் நிக்க முடியுதே?"

"எச்சரிக்கை தாமதமா வருது. அவ்வளவுதான். சில பேருக்கு வராமலே போயிரும்."

புஷ்பம் முங்கித் திரும்பாத யாரையோ நினைத்துக்கொண்டவள் போல் தலையை ஆட்டினாள். டாக்டர் குனிந்து அவள் கையைப் பிடித்தார். "வேகமா விடுங்கன்னு சொன்னது நான். எப்படின்னு சொல்லல. நீங்க எப்படி விடுவீங்கன்னு கேட்கவும் இல்ல. வெளிய அவ்வளவு பேர் நின்னாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அவங்க அதனால போகல, புஷ்பம். மூச்சு நின்னா பெல்ட் அடிச்சிருக்கும். அடிக்கல. பெல்ட் கழன்றதாலதான் போனாங்க."

"தூக்கத்துல புரண்டேன் போல. கொக்கி கழன்றிருச்சு. மதினி சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தாங்க."

"இருக்கலாம். ஆனா உட்கார்ந்திருந்தாங்கன்னு சொல்றீங்க. உட்கார்ந்திருந்தா முழிச்சிருந்தாங்கன்னு அர்த்தம். முழிச்சிருந்தா அவங்க மூச்சு அவங்ககிட்ட இருக்கு. பெல்ட் கழன்றதைப் பார்த்திருப்பாங்க. கையை நீட்டி உங்களை ஒரு தட்டுத் தட்டினா போதும்." டாக்டர் எழுந்தார். "ஏன் தட்டலைன்னுதான் எனக்குப் புரியல."

அவர் போன பிறகு புஷ்பம் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தாள். மதினி தட்டித்தான் இருப்பாள். தான்தான் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டிருப்பாள், தனக்குத்தான் கேட்காத அளவுக்கு உறக்கம். அவளுக்கு அது உறுதியாகத் தெரிந்தது. தன் தோளைப் பார்த்தாள், நகம் பட்ட தடம் ஏதும் இருக்கிறதா என்று.

முனீஸ்வரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"டாக்டரம்மா சொன்னதைக் கேட்டேன்," என்றாள்.

"ம்."

"நீ புரண்டதால கழறல புஷ்பம்." அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு மத்தியானம் நான் இந்த வாசல் வரைக்கும் வந்தேன். திங்கக்கிழமை பாசி காயவைக்க வருவியான்னு கேட்க வந்தேன். மதினி உட்கார்ந்திருந்துச்சு. பெல்ட்டு மதினி கையில இருந்துச்சு. அதுவே கழத்தியிருக்கு. நான் வாயைத் திறந்தேன். வாயில விரலை வச்சுச்சு. 'எழுப்பாதடி, இப்பத்தான் தூங்குறா'ன்னுச்சு."

புஷ்பம் தோளைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்தாள்.

"'நீங்க தூங்கிட்டா?'ன்னு கேட்டேன். சத்தியமாக் கேட்டேன். 'டாக்டரம்மா என்ன சொன்னா? கழத்தும்போது நான் முழிச்சிருக்கணும்னா. முழிச்சுத்தானே இருக்கேன். ஒரு மத்தியானம் உட்கார்ந்திருக்க மாட்டேனா? ஜெபமாலை இருக்கு, சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவளே எந்திரிச்சிருவா'ன்னுச்சு. நான் கூட உட்காரவான்னு கேட்டிருக்கணும். அடுப்புல உலை வச்சுட்டு வந்திருந்தேன். போயிட்டேன்."

"வேற என்ன சொன்னாங்க?"

முனீஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நீ குறட்டை விட்டுக்கிட்டு இருந்த. 'கேளு, கேளு இவ குறட்டையை. என் தம்பி எப்படித்தான் இவகூடப் படுத்தானோ'ன்னு சொல்லி சிரிச்சுச்சு. சத்தம் வராம சிரிச்சுச்சு."

புஷ்பத்துக்கும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு எங்கே போய் வேறு ஒன்றாக மாறியது என்று முனீஸ்வரிக்குத் தெரியவில்லை. அவள் கிட்டே வந்து உட்கார்ந்து புஷ்பத்தின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கொஞ்சம் அடங்கியதும் புஷ்பம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள். "நீ வந்தியே. அதுலேர்ந்து."

முனீஸ்வரி மறுபடி சொன்னாள். வந்ததை, மதினி வாயில் விரல் வைத்ததை, குறட்டையை, உலையை. சொல்லி முடித்ததும் புஷ்பம் இன்னொரு தடவை கேட்டாள். முனீஸ்வரி அழுதுகொண்டே இன்னொரு தடவை சொன்னாள். புஷ்பம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இந்தத் தடவையாவது அந்த மத்தியானத்து முனீஸ்வரி வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடுவாள் என்பது போல.

மூன்றாவது தடவை சொன்னதிலும் முனீஸ்வரி வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.